காற்றின் பலம் மோதும் இடத்தில்: மாம்புரிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மாம்புரி, நுரைச்சோலை, தலவில, ஏத்தாளை என்று கற்பிட்டிக் குடாநாடு நெடுகிலும் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு,



காற்றைப் பற்றி உங்களுக்கு வெளியூரான் ஒருவன் எழுதுவது கொஞ்சம் துணிச்சல்தான். கச்சான் எழும்பினால் கடல் எப்படி மாறும், கரைவலை எப்போது இறங்கும், எப்போது சுருட்டி வைக்கப்படும் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பேச்சு. 2010இல் மாம்புரிக் கரையில் 10 மெகாவாற்றுக் காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பிறகு, காற்றிலிருந்து கிடைக்கும் வலு வேகத்தின் கனத்துக்கு விகிதசமன் என்ற பாடமும் உங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

நான் எழுத வந்தது வேறொரு காற்றைப் பற்றி. நட்சத்திரங்களிலிருந்து வீசுவது அது. இந்தக் காற்றையும், அது போய் மோதும் வாயுவையும் விளங்கிக்கொள்வதில் இன்றைக்கும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. அந்த வழக்கின் வாசலைத் திறக்க உந்தமும் இயக்கச் சக்தியும் போதும். உங்கள் கையில் ஏற்கனவே உள்ள பௌதிகம் அது. அதைச் செய்து காட்டவே இந்த மடல்.

முதலில் எங்கே பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதக் கடைசியில், இரவு எட்டு மணியளவில், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் வெளிச்சம் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம், அதற்கு நேர்மேலே 42 பாகையில் சற்று மங்கலாக இன்னொன்று. கீழே நிற்பது காமா வெலோரம். மேலே நிற்பது சீட்டா பப்பிஸ். வலது பக்கம் தாழ்வாகப் பிரகாசிப்பது அகத்தியம். அடையாளத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். முதலில் சொன்ன இரண்டும் ஆயிரம் ஒளியாண்டுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளவை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் மிகக் கடுமையான காற்றை வீசுபவற்றுள் இவை முன்னணியில் நிற்கின்றன.

சூரியனுக்கும் காற்று உண்டு. செக்கனுக்கு 400 கிலோமீற்றர் அளவில் அது வீசுகிறது. ஆனால் அதன் வழியே சூரியன் இழக்கும் திணிவு மிக அற்பம். சீட்டா பப்பிஸ் அப்படியல்ல. மேற்பரப்பு வெப்பநிலை 40,000 கெல்வின் அளவு. காற்றின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2,250 கிலோமீற்றர். மாம்புரியிலிருந்து புறப்பட்டால் ஒரு செக்கனில் டில்லியை எட்டிவிடும் வேகம்.

பூமியில் காற்றைத் தள்ளுவது அமுக்க வேறுபாடு. அங்கே தள்ளுவது ஒளி. போட்டனுக்கு உந்தம் உண்டு என்று படித்திருப்பீர்கள். நட்சத்திரத்தின் வெளிப்புறத்திலுள்ள காபன், நைதரசன், இரும்பு முதலியவற்றின் அயன்கள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் புறஊதா ஒளியை விழுங்கி, அந்த உந்தத்தையும் வாங்கிக்கொள்கின்றன. இதில் ஒரு சிக்கல் தெரிகிறது அல்லவா? உள்ளே இருக்கும் படை அந்த அலைநீளத்தை முழுவதும் விழுங்கிவிட்டால் வெளியே இருப்பதற்கு என்ன மிஞ்சும்? டொப்ளர் விளைவு இங்கே கைகொடுக்கிறது. வெளிப்படை வேகமாக ஓடுவதால் அது விழுங்கும் அலைநீளம் சற்று விலகிவிடுகிறது. உள்ளே எவரும் தொடாத ஒளி அதற்குக் கிடைக்கிறது. ஓட ஓடப் புதிய ஒளி, புதிய ஒளியால் மேலும் ஓட்டம். காஸ்டர், அபொட், க்ளைன் ஆகிய மூவர் 1975இல் இதை ஒழுங்கான கோட்பாடாக எழுதினார்கள்.

இந்தக் காற்று இருப்பதே எப்படித் தெரிந்தது என்ற கதையில் நம் பக்கத்து மண்ணுக்கும் பங்குண்டு. 1867இல் பாரிஸ் வானாய்வகத்தில் வுல்ஃப், ரேயே என்ற இருவர் மூன்று விசித்திர நட்சத்திரங்களைக் கண்டார்கள். மற்ற நட்சத்திரங்களின் நிறமாலையில் கருங்கோடுகள் இருக்கும். இவற்றிலோ அகன்ற ஒளிப்பட்டைகள் இருந்தன. அதே இனத்தில் வானத்திலேயே மிகப் பிரகாசமானது காமா வெலோரம். ஆனால் பாரிசில் அது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. அங்கிருந்து எவ்வளவு பெரிய தொலைகாட்டியைத் திருப்பினாலும் பயனில்லை. 1871 டிசம்பர் 12ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் வந்தது. அதன் நிழல் நீலகிரி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கடந்தது. கிரகணம் பார்க்கப் புதுக்கோட்டைக்கு வந்த இத்தாலியர் லொரென்சோ ரெஸ்பீகி, அந்த இந்தியப் பயணத்திலேயே காமா வெலோரத்தின் ஒளியையும் பிரித்துப் பார்த்து, அந்த ஒளிப்பட்டைகளைக் கண்டார். உரோமிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை உரசிக்கொண்டு போகும் நட்சத்திரம். நமக்கோ தலைக்கு முன்னால் நிற்பது.

அகன்ற பட்டைகளுக்குக் காரணம் எல்லாத் திசையிலும் வேகமாக வெளியேறும் வாயு என்று 1929இல் பீல்ஸ் சொன்னார். 1960களின் நடுவில் டொனல்ட் மோட்டன் ரொக்கெற்றில் கருவி அனுப்பி ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களின் புறஊதா ஒளியை அளந்தபோது, அவற்றிலிருந்தும் செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் வாயு வெளியேறுவது தெரிந்தது. 1967இல் கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து கே. எஸ். கணேஷும் வைணு பாப்புவும் காமா வெலோரத்தின் சுற்றுப்பாதையை வெளியிட்டார்கள். அது தனி நட்சத்திரம் அல்ல, 78.5 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் சோடி. ஒன்று வுல்ஃப்–ரேயே இனம். தன் ஐதரசன் போர்வையை இழந்து, உள்ளே சமைந்த ஈலியத்தையும் காபனையும் வெளியே காட்டி நிற்பது. மற்றது சூரியனைப்போல் முப்பது மடங்கை நெருங்கும் திணிவுள்ள நீல நட்சத்திரம். இரண்டின் காற்றும் நடுவில் மோதுகின்றன. பலமான காற்று பலவீனமானதை வளைத்து மடக்க, மோதும் முகப்பில் எக்ஸ் கதிர் பிறக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். காமா வெலோரத்தின் வுல்ஃப்–ரேயே நட்சத்திரம் ஆண்டுக்குச் சூரியத் திணிவின் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கை, செக்கனுக்கு 1,450 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். செக்கனுக்கு வெளியேறும் திணிவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் காற்றின் வலு கிடைக்கும். அது சூரியன் வீசும் மொத்த ஒளிவலுவைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு. நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு வலுவும் எதன்மேல் இறங்குகிறது? நட்சத்திரங்களுக்கு இடையில் வெறுமை என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும், அங்கே கன சென்ரிமீற்றருக்கு ஓர் அணு என்ற அளவிலாவது வாயு உண்டு. உங்கள் கடற்கரைக் காற்றில் அதே இடத்துக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை 25க்குப் பின்னால் பதினெட்டுப் பூச்சியம். அப்படியானால் அந்த ஓர் அணு என்ன தடுப்பைத் தரும்? தூரத்தைக் கணக்கில் எடுங்கள். 30 ஒளியாண்டு ஆரையுள்ள கோளத்துக்குள் கன சென்ரிமீற்றருக்கு ஓர் ஐதரசன் அணு இருந்தால், மொத்தத் திணிவு ஏறத்தாழ 80 சூரியன்கள். நட்சத்திரம் தன் வாழ்நாள் முழுக்க வீசினாலும் அந்தளவு திணிவை வீசாது. அடர்ந்த மூலக்கூற்று முகில்களில் இந்த அடர்த்தி நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, அதற்கும் மேல்.

ஆகவே காற்று தங்குதடையின்றி ஓடிக்கொண்டே இருக்க முடியாது. நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு குமிழி உருவாகிறது. அதன் உட்பகுதியில் காற்று தன் முழு வேகத்தில் ஓடுகிறது. ஓரிடத்தில் அதிர்ச்சி அலையில் மோதித் திடீரென வேகம் இழக்கிறது. இழந்த இயக்கச் சக்தி வெப்பமாகி, வாயு கோடிக்கணக்கான கெல்வினுக்குக் கொதிக்கிறது. அடர்த்தி குறைந்த இந்தக் கொதிவாயு ஒளி வீசிக் குளிர்வது மிக மெதுவாகத்தான். அதனால் அதன் அமுக்கம் நிலைத்து நிற்கிறது. அந்த அமுக்கம் வெளியிலுள்ள குளிர்வாயுவைத் தள்ளிக் குவித்து ஓர் ஓடாக்குகிறது. ஓட்டுக்கு அப்பால் இன்னும் தொடப்படாத வாயு. 1977இல் வீவரும் அவருடைய தோழர்களும் இதற்குச் சமன்பாடு எழுதியபோது, குமிழியின் ஆரை காலத்தின் 3/5 அடுக்குக்கு ஏற்ப வளரும் என்று கண்டார்கள்.

அவர்கள் கண்ட குமிழி நேர்த்தியானது, முழுக் கோளம். வானத்தில் இருப்பவை அப்படி இல்லை. வழக்கு தொடங்குவது இங்கேதான்.

ஓரியன் நெபுலாவை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை முன்னிரவில் கிழக்கே, உங்கள் தலைக்கு மேலே அல்லது மேற்கே தெரியும். அதன் நடுவில் தீற்றா-1 ஓரியோனிஸ் சி என்ற பெருநட்சத்திரம். போயிங் 747 விமானத்தில் பொருத்திப் பறந்த சோஃபியா தொலைகாட்டி, அந்த நெபுலாவில் காபன் அயன் வீசும் அகச்சிவப்பு ஒளியை அளந்தது. கோர்னீலியா பாப்ஸ்ட் முதலானோர் 2019இல் வெளியிட்ட முடிவு இது: நட்சத்திரத்தைச் சுற்றி ஏறத்தாழ 1,500 சூரியத் திணிவுள்ள ஓடு, செக்கனுக்கு 13 கிலோமீற்றர் வேகத்தில் விரிகிறது. வயது ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டு. நட்சத்திரம் ஆண்டுக்குச் சூரியத் திணிவின் ஒரு கோடியில் நான்கு பங்கை, செக்கனுக்கு 2,500 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது.

கொப்பியை எடுங்கள். 2 இலட்சம் ஆண்டில் வீசிய காற்றின் மொத்தத் திணிவு 0.08 சூரியன். சூரியத் திணிவையும் செக்கனுக்குக் கிலோமீற்றரையும் அலகாக வைத்தால் காற்றின் உந்தம் 0.08 × 2,500 = 200. ஓட்டின் உந்தம் 1,500 × 13 = 19,500. ஓடு கொண்டிருக்கும் உந்தம், காற்று கொடுத்ததைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு!

உந்தக் காப்பு விதி பொய்த்துவிட்டதா? இல்லை. உந்தம் காவிக் கணியம். எல்லாத் திசையிலும் விரியும் ஓட்டின் உந்தங்களைத் திசையோடு கூட்டினால் விடை பூச்சியம்தான். வெடித்துச் சிதறும் குண்டின் துண்டுகள் ஒவ்வொன்றும் வேகமாகப் பறக்கின்றன. கூட்டுத்தொகை மட்டும் வெடிப்புக்கு முன் இருந்ததே. நடுவிலுள்ள கொதிவாயு தன் அமுக்கத்தால் எல்லாப் பக்கமும் தொடர்ந்து தள்ளும்போது, ஒவ்வொரு திசையிலும் வெளிநோக்கிய உந்தம் கூடிக்கொண்டே போகலாம். கடக்க முடியாத வரம்பு சக்திதான். அதையும் பாருங்கள்: காற்றின் இயக்கச் சக்தி ½ × 0.08 × 2,500² = 250,000. ஓட்டின் இயக்கச் சக்தி ½ × 1,500 × 13² = ஏறத்தாழ 127,000. காற்று கொடுத்ததில் பாதி ஓட்டில் இருக்கிறது. கணக்கு உடையவில்லை. ஓரியனில் ஓட்டைத் தள்ளியது காற்றின் நேரடி அடியல்ல, அடைபட்ட கொதிவாயுவின் அமுக்கம் என்று இந்த நான்கு வரிக் கணக்கு சொல்கிறது.

ஆனால் கொதிவாயு அப்படி அடைபட்டு நிற்பதில்லை என்னும் எதிர்த்தரப்பிடமும் வலுவான சாட்சி உண்டு. கொதிவாயு அடைபட்டிருந்தால் அது எக்ஸ் கதிர் வீசவேண்டும். 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி (தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது) எம்17, ரோசெட் ஆகிய நெபுலாக்களுக்குள் அப்படிப்பட்ட வாயுவைக் கண்டது. 2003இல் அந்த முடிவு வெளிவந்தது. 2008இல் ஓரியனிலும் 20 இலட்சம் கெல்வின் வாயு இருப்பது எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைகாட்டியால் தெரிந்தது. வாயு இருக்கிறது, சரி. ஆனால் நேர்த்தியான குமிழிக் கோட்பாடு எதிர்பார்க்கும் அளவுக்கு எக்ஸ் கதிர் பொதுவாக வருவதில்லை. சக்தியில் பெரும்பங்கு எங்கோ போய்விடுகிறது.

எங்கே? இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, ஒழுகல். முகில் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் இராது; மெலிந்த பக்கம் உடைந்து கொதிவாயு வெளியே பாய்ந்துவிடும். மற்றது, கலத்தல். கொதிவாயுவும் குளிர்வாயுவும் தொடும் எல்லை வழுவழுப்பான கோளமாக இல்லாமல் மடிப்பும் சுழிப்புமாக இருந்தால், இரண்டும் கலந்து நடுத்தர வெப்பநிலைக்கு வரும். அந்த வெப்பநிலையில் வாயு மிக விரைவாக ஒளி வீசிக் குளிர்ந்துவிடும். லாக்லன் லங்காஸ்டரும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட கணினிக் கணிப்புகளில், கொந்தளிப்பான முகிலுக்குள் வீசும் காற்று தன் சக்தியில் பெரும்பகுதியை இப்படி இழந்து, நேரடி அடியின் பலத்தோடு மட்டும் நின்றுவிடுவதாக வந்தது. நாம் மேலே போட்ட கணக்குக்கு இது நேரெதிர். கணினிக் கணிப்பு ஒரு பக்கம், ஓரியன் மறுபக்கம். எல்லா முகில்களுக்கும் பொருந்தும் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: காற்றை மட்டும் அளந்தால் அதன் பலம் தெரியாது. ஒரே காற்று, மெல்லிய வாயுவில் பெருங்குமிழி ஊதும். கொந்தளிக்கும் முகிலில் அதே காற்று தன் சக்தியைச் செலவழித்துவிட்டு அடங்கும். பலம் மோதும் இடத்தில் தீர்மானமாகிறது. இதன் விளைவு பெரிது. முகில்கள் கலைந்தால் அங்கே புது நட்சத்திரம் பிறக்காது, குவிந்தால் பிறக்கலாம். நம் பால்வீதி தன் வாயுவை முழுவதும் நட்சத்திரமாக்கித் தீர்க்காமல் இன்னும் மிச்சம் வைத்திருப்பதற்குப் பெருநட்சத்திரங்களின் காற்றும் ஒளியும் வெடிப்பும் காரணம். அவற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே வழக்கு.

இந்த மோதலின் இன்னொரு முகம் உங்கள் தென்வானத்திலேயே இருக்கிறது. காமா வெலோரத்தையும் சீட்டா பப்பிஸையும் சுற்றி, வானத்தில் 35 பாகைக்கு மேல் அகலமாகப் பரந்து கிடப்பது கம் நெபுலா. அவுஸ்திரேலியர் கொலின் கம் 1950களில் அதைப் பதிவு செய்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். நீண்டநேரம் ஒளிபட வைத்த படங்களில் சிவப்பாக எழும். 1976இல் ஹோவர்டன், பிரான்ட் என்ற இருவர் அதன் படங்களில் வால்முளைத்த சிறு கருமுகில்களைக் கவனித்தார்கள். இன்று முப்பதளவில் தெரிந்திருக்கின்றன. தலைகள் நடுப்பகுதியிலுள்ள பெருநட்சத்திரங்களை நோக்க, வால்கள் வெளியே நீள்கின்றன. கடற்கரையில் எருக்கலஞ்செடியைச் சுற்றிக் காற்று போகும்போது செடிக்குப் பின்னால் மணல் வால்போல் நீண்டு கிடக்குமே, அந்தக் கோலம். மெல்லிய வாயு தள்ளப்பட்டுப் போய்விட்டது. அடர்ந்த முடிச்சுகள் மட்டும் நின்றுவிட்டன. அவற்றைச் செதுக்கியதில் பெருநட்சத்திரங்களின் புறஊதா ஒளிக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு. பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் 10.4 மீற்றர் தொலைகாட்டியால் இவற்றின் வேகங்களை அளந்த டி. கே. ஸ்ரீதரன், இந்தக் கூட்டம் முழுவதும் செக்கனுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் வேகத்தில் நடுவிலிருந்து விலகிச் செல்வதாக 1992இல் எழுதினார். ஓரியனின் 13க்குப் பக்கத்தில் இந்த 12 நிற்பதைக் கவனியுங்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். கம் நெபுலாவைப் பழைய வெடிப்பு ஒன்றின் மிச்சம் என்பாரும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, வானியல் என்றால் பணக்கார நாடுகளின் வேலை, நமக்குப் பரீட்சைக்கு வரும் இரண்டு வினா மட்டும் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். தொலைகாட்டிகள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் சந்திரா போன்ற தொலைகாட்டிகளின் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாகின்றன. காமா வெலோரம் பாரிசுக்கு இல்லை, மாம்புரிக்கு உண்டு. எஞ்சியிருப்பது கணக்குப் போடும் பழக்கம்.

ஆகவே உங்களிடம் மூன்று கேள்விகளை விட்டுப்போகிறேன். முதலாவது: ஓரியனின் ஓட்டை நேரடி உந்தம் மட்டுமே தள்ளியிருந்தால், 13 கிலோமீற்றர் வேகத்துக்கு ஓடு எவ்வளவு திணிவாக இருந்திருக்கவேண்டும்? விடை 15 சூரியன் அளவில் வரும். இரண்டாவது: 1,500 என்ற அளவீடு பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ பிழைத்திருந்தாலும் நம் முடிவு நிற்குமா? மூன்றாவதே கடினமானது: நட்சத்திரத்தின் ஒளியால் சூடேறிய சாதாரண நெபுலா வாயுவும், 10,000 கெல்வின் வெப்பநிலையில், தன் அமுக்கத்தால் ஓட்டைத் தள்ளும் அல்லவா? அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. சேர்த்தால் காற்றின் பங்கு எவ்வளவு குறையும்?

மூன்றாவதற்கு இலட்சிய வாயுச் சமன்பாடு வேண்டும். உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அடர்த்திக்கு ஓர் எண் வேண்டும். அதைத் தேடி எடுக்கவேண்டும். விடையோடு, எந்த எண்ணை நம்பினீர்கள், ஏன் நம்பினீர்கள் என்பதையும் எழுதி உங்கள் பௌதிக ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் நல்லது. வகுப்பிலேயே வழக்கை நடத்துங்கள்.

அன்புடன்,
பௌதிகம் கற்பிக்கும் ஒருவன்